படிக்கட்டுச் சுற்றுலா

தீவு நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய சந்து ஒன்றை வெளிநாட்டுப் பயணிகளுக்கு நடந்தே சுற்றிக் காட்டும் திட்டத்தை லோகேஸ்வரன் மிகுந்த அக்கறையோடு தயாரித்தான். பேருந்து கிடையாது, பிளாஸ்டிக் போத்தல் கிடையாது. சந்தில் வாழ்கிறவர்களே தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள். அவன் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனத்துக்குத் திட்டம் மிகவும் பிடித்துப்போனது. ஒரே சிக்கல், சந்தில் யாரும் வாழவில்லை. வாடகை ஏற ஏற எல்லாரும் காலி செய்துவிட, வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியிருந்தன.

அங்கே முன்பு குடியிருந்த ஹபீபா பீவியை விசாரித்து விசாரித்து, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுருவில் கண்டுபிடித்தான். ஐம்பதை நெருங்கும் பெண், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கணவர் இறந்த பிறகு நான்காம் மாடி ஃப்ளாட்டில் தனியாக இருந்தாள்.

“சனிக்கிழமை காலையில வந்து உங்க பழைய வீட்ல உக்காந்து பேசினா போதும்க்கா. சம்பளம் உண்டு லா.”

“அது இப்ப ஹோட்டல் தம்பி.”

“அவங்க ஓகே சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் உள்ளூர் அடையாளம் வேணுமாம்.”

வீட்டுக்குள் மறுபடி கால் வைக்கலாமே என்றுதான் அவள் சம்மதித்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸும் ஃபெரியும் பிடித்துப் போனாள். சமையலறை இருந்த இடத்தில் வரவேற்பு மேசை. பெருநாளுக்குப் பிரியாணிச் சட்டி ஏற்றிய முற்றத்தில் மீன் தொட்டி. அடுப்பு எங்கே இருந்தது, மழைநாளில் துணி எங்கே காய்ந்தது, கணவர் எந்த மூலையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார் என்று அவள் தமிழில் சொல்ல, லோகேஸ்வரன் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். டச்சுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாங்கள் போன பிறகு மதியத்துக்கு என்ன சமைப்பீர்கள்?” என்று கேட்டாள்.

“நா ஜுரு போய்ச் சேரவே மத்தியானம் தாண்டிரும். அப்புறம் எங்க சமைக்கிறது?” என்றாள் ஹபீபா பீவி.

“மீன் குழம்பு வைப்பாராம்,” என்று லோகேஸ்வரன் மொழிபெயர்த்தான்.

தொழிற்சாலையில் ஜப்பானிய மேலாளர்களோடு வருஷக்கணக்கில் ஆங்கிலத்தில் மல்லுக்கட்டியவள் ஹபீபா பீவி. “நா அப்படிச் சொல்லல தம்பி,” என்றுவிட்டு, தன் வீடு இப்போது இதுவல்ல, ஜுருவில் இருக்கிறது என்று வந்தவர்களிடம் ஆங்கிலத்திலேயே விளக்கினாள். லோகேஸ்வரனின் முகம் வெளிறியது. அவர்களோ ஜுருவுக்கே போகலாமா என்று கேட்டார்கள்.

“அங்கே ஒன்றுமில்லை. தொழிற்சாலையும் கார் கடையும்தான்,” என்றான் அவன். அதைக் கேட்டதும் அவர்களுக்கு ஆசை கூடிவிட்டது.

போனார்கள். லிஃப்ட் பழுதாகி மாதங்கள் ஆகியும் அடுக்குமாடி நிர்வாகம் எட்டிப் பார்த்திருக்கவில்லை. அதனால் படிகளில் யாராவது பையும் மூட்டையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நின்றவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். கீழே டோபிக் கடையில் துவைத்த துணிக் கூடையோடு மூன்றாம் மாடியில் இளைப்பாறிய காமினி, வீட்டுக்குள் போய் முறுக்கு எடுத்து வந்து கொடுத்தாள். ஹபீபா பீவி உண்மையிலேயே மீன் குழம்பு வைத்தாள்.

பயணிகள் அந்தப் படிக்கட்டைப் புகழ்ந்து இணையத்தில் எழுதினார்கள். நிறுவனம் பழைய சந்துச் சுற்றுலாவைக் கைவிட்டு ஜுருவுக்கே சுற்றுலா அறிவித்தது. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நிர்வாகம் அந்த வாரமே லிஃப்டைச் சரிசெய்தது.

லோகேஸ்வரன் பதறி ஓடி வந்தான். “அக்கா, சனிக்கிழமை காலையில மட்டும் லிஃப்ட நிறுத்தி வெக்கச் சொல்லலாமா?”

“எதுக்கு?”

“படியிலதான் உண்மையான ஒற்றுமை இருக்குன்னு எழுதியிருக்காங்க.”

“படியில இருந்தது முட்டி வலி தம்பி. லிஃப்ட நிறுத்தினா நா பேச வரமாட்டேன்.”

அவன் லிஃப்டை நிறுத்தவில்லை. விருந்தினர்களைப் படியில் ஏற்றுவதாகவும், மாடிக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு நிறுத்துவதாகவும் ஏற்பாடு செய்தான்.

அடுத்த சனிக்கிழமை ஹபீபா பீவி சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறினாள். காமினி காலிக் கூடையோடு படியை நோக்கிப் போவதைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வா, காமினி.”

“இல்லக்கா, டியூட்டில இருக்கேன். அவங்க வர்றப்ப மூணாவது மாடியில மூச்சு வாங்கிட்டு நிக்கணும்.”