ஒக்ரான் ஒன்பது

ஷிமுல்தாங்காவில் ஆட்கள் பிறந்ததும் செத்ததும் வருஷத்தில் ஒரே நாளில்தான். ஒக்ரான் மாதம் ஒன்பதாம் தேதி, கார்த்திகைக் குளிர் எலும்பைத் தொடுகிற சமயம். பேசத் தகுந்த வேறு எதுவும்கூட மற்ற நாளில் நடந்ததில்லை. குர்ஷா ஆறு பழைய தடத்தை விட்டு ஊருக்கு நடுவே வந்து படுத்துக்கொண்டது ஒரு ஒக்ரான் ஒன்பதில். ஜமீன்தாரின் யானை ஜமீன்தாரையே மிதித்ததும், மூங்கில் பாலம் கல்யாண கோஷ்டியோடு சரிந்ததும், ஊருக்கு முதல் பேருந்து வந்ததும், வந்த வேகத்தில் அது சந்தைக்குள் புகுந்ததும் அதே தேதியில்தான். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, ஆற்றுக்கு அக்கரை இனிமேல் வேறு நாடு என்று சொல்லி, எங்களிடமே டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனதும் அன்றுதான். மற்ற நாட்களில் நாங்கள் புகையிலை நட்டோம், சணலை ஊறப்போட்டோம், வரப்புச் சண்டை போட்டோம். அவை எதற்கும் தேதி தேவைப்படவில்லை.

கோடையில் பாம்பு கடித்தவன் கால் வீங்கி, உடம்பு நீலம் பாரித்து, ஆனாலும் சாகாமல் ஒக்ரான் வரை வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பான். மாமரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவன் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வயலுக்குப் போவான். ஒன்பதாம் தேதி சூரியன் எழுந்ததும் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேருவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் கதையும் அப்படித்தான். சிலர் நாலு மாதத்தில் பெற்றார்கள், சிலர் பதினாறு மாதம் சுமந்தார்கள், பிள்ளைகள் என்னவோ ஒரே அளவில்தான் இருந்தன. மருத்துவச்சி பாதாசிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வேலை. மீதி நாளெல்லாம் கோழி வளர்த்துக்கொண்டு ஊரைத் திட்டினாள். பிறந்த கிழமையின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் ராஜ்பன்ஷி சனத்தின் வழக்கம். அதனால் ஒரு வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர். தேதி புதன்கிழமையில் விழுந்த வருஷத்துப் பையன்கள் எல்லாரும் புதாரு, செவ்வாயில் விழுந்த வருஷத்துப் பெண்கள் எல்லாரும் மங்களி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே எழுந்து நிற்கும்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் சாவு பயமே இல்லாத கொடுத்துவைத்தவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். அவர்கள் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயப்படுகிறார்கள்; நாங்கள் அத்தனையையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் பயந்தோம். துர்கா பூஜைக் கொட்டு ஓய்ந்ததுமே நாள் எண்ணத் தொடங்குவோம். ஒன்பதாம் தேதியன்று யாரும் அரிவாள்மணையைத் தொடுவதில்லை, பாக்கு மரம் ஏறுவதில்லை, முள்ளுள்ள மீன் சமைப்பதில்லை. அவலைத் தயிரில் ஊறவைத்து, நன்றாக மென்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவோம். நேற்றுவரை நெல் மூட்டை தூக்கியவனும் போகக்கூடும் என்பதால் யாருக்கும் யாரைப் பார்த்தாலும் பயம். பேருந்து ஏறிச் சிலிகுரிக்கு ஓடியவர்கள் உண்டு. அங்கேயும் அன்று ஒன்பதாம் தேதிதானே! ஒருவன் அங்கே ஹோட்டல் அறையில் வாழைப்பழம் தொண்டையில் அடைத்துச் செத்தான். எல்லைக் காவலுக்கு வந்த சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அன்று முழுக்க முகாமுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்பதைவிடக் கொடுமை எட்டாம் தேதி. அக்கரையும் ஒரு காலத்தில் ஷிமுல்தாங்காதான், அவர்களுக்கும் இதே விதிதான். ஆனால் நாடு பிரிந்த பிறகு அவர்கள் அரசாங்கம் பஞ்சாங்கத்தைத் திருத்தியது. எங்கள் பக்கம் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் அங்கே தேதி ஒரு நாள் முந்தி ஓடும். எங்களுக்கு எட்டு என்றால் அவர்களுக்கு ஒன்பது. எட்டாம் தேதி காலையில் அக்கரையிலிருந்து முதல் அழுகை கிளம்பும்போது நாங்கள் இக்கரையில் நின்று கேட்போம். நாளைக்கு நமக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். குழந்தைகளைக் கூப்பிட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்வோம்.

ஊரில் இருந்த பல புதாருகளில் ஒருவன் புகையிலைப் புதாரு. கோடையில் புகையிலை உலர்த்தும் கொட்டகையில் இருமத் தொடங்கினான், மழைக்காலத்தில் எச்சிலில் ரத்தம் வந்தது, பூஜைக்குள் ஆள் பாதியாகிவிட்டான். இந்த ஒன்பதாம் தேதி இவன்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் அவனுக்குப் பிடித்த பலகாரங்களாகப் பார்த்துச் செய்து கொண்டுவந்தார்கள். அவன் எதையும் தொடாமல் திருப்பி அனுப்பினான். அவன் மனைவி தருபாலா அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை ஒரு ஒன்பதாம் தேதி காலையில் பிறந்து சாயங்காலமே போய்விட்டிருந்தது. அதிலிருந்து அந்தத் தேதியை அவள் வாயில் எடுப்பதே இல்லை. இப்போது புருஷனும் வயிற்றுப் பிள்ளையும் அதே தேதிக்குக் காத்திருந்தார்கள். அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பயம்.

நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒன்பதாம் தேதியில் அக்கரைப் பெண்கள் சாவகாசமாகப் பாத்திரம் துலக்குவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த வருஷம்தான் அது உறைத்தது. இங்கே ஒன்பது பிறக்கிற நேரத்தில் ஆற்றைக் கடந்துவிட்டால் அங்கே அது பத்து; ஒன்பது என்ற நாளே புதாருவுக்கு வராது. முந்திப் போனால் அவர்களுடைய ஒன்பது மிச்சமிருக்கும், பிந்தினால் எங்களுடையது பிடித்துக்கொள்ளும். இரு கரையிலும் நாள் பிறப்பது சூரியன் எழும்போது. ஆகவே சூரியன் எழும்போது நடு ஆற்றில் இருக்க வேண்டும். அக்கரைப் படகுக்காரர் மொஃபிஜுல் மீன் விற்க வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிர் வாங்க வர்றவரயே ஏமாத்த என் ஓட்டப் படகுதான் கெடச்சுதா அண்ணி? சிப்பாய் சுட்டான்னா?"

"அன்னிக்கு அவனுங்க ஒண்ணுக்குப் போகக்கூட வெளிய வரமாட்டானுங்க. நீங்க படகக் கொண்டாங்கண்ணே, மத்தத நான் பாத்துக்கறேன்."

ஒன்பதாம் தேதி விடிவதற்குச் சற்று முன் மூவரும் நடு ஆற்றில் போய் நின்றார்கள். பனி அப்படியொரு பனி. படகின் ஒரு முனையில் இருந்தவருக்கு மறுமுனை தெரியவில்லை. சூரியன் எழுவதைப் பார்க்க வழியில்லை. உதயத்துக்குக் காளி கோயிலில் மணி அடிப்பார்கள், அதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். புதாரு இறுக்கிப் பிடித்த பிடியில் தருபாலாவின் சங்கு வளையலில் விரிசல் விழுந்தது. மணி அடித்தது, மொஃபிஜுல் துடுப்பைப் போட்டார், அக்கரை தட்டியபோது அங்கே பத்தாம் தேதி. அன்று பகல் முழுக்க மொஃபிஜுல் வீட்டில் வாத்துக்கறி சாப்பிட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் திரும்பி வந்தார்கள். புதாரு இருமிக்கொண்டே கரையில் இறங்கினான்.

அடுத்த வருஷம் ஊரே படகு கேட்டுத் திரண்டிருக்க வேண்டும். திரளாததற்குக் காரணம், அந்த இரண்டு பேரும் பட்ட பாட்டை ஊர் பார்த்தது. புதாருவின் சாவுதான் தள்ளிப்போயிற்று, நோய் தள்ளிப்போகவில்லை. காற்றடித்தால் பறந்துவிடாமல் அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. தருபாலாவும் அவனோடு படகில் போனதால் பிரசவ நாளும் தவறிவிட்டது. மருத்துவச்சி பாதாசி வாசலில் நின்று கத்தினாள்.

"புருஷனக் காப்பாத்திட்ட, ரொம்ப சந்தோஷம். உள்ள இருக்குறது என்னடி பாவம் பண்ணுச்சு? இன்னும் ஒரு வருஷம் சுமந்துக்கிட்டுத் திரி, கழுத!"

சுமந்தாள். இரண்டாம் வருஷமும் மணியடித்ததும் ஆற்றைக் கடந்தார்கள், பிள்ளை இரண்டாம் தடவையும் உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குள் தருபாலா கதவில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் நுழைந்தாள். மீன் பொரிக்கும் வாசனை வந்தால் வயிற்றுக்குள்ளிருந்து அழுகை கேட்கும். ஒரு துண்டை அவள் பிய்த்து மென்று விழுங்கியதும் அடங்கும். அதெல்லாம் பழகிப்போனது. ஒரு நாள் மத்தியானம் புதாரு இருமி ஓய்ந்ததும், அதே இருமல் அவள் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது. தருபாலா உலையை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை, பயம் என்றால் இதுதான் என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் எட்டாம் தேதி சாயங்காலம், அக்கரை அழுகை இன்னும் ஓயாதபோது, அவனிடம் சொன்னாள்.

"இந்தத் தடவ நீங்க மட்டும் போங்க. நான் பெத்துட்டு வரேன்."

"நீ இல்லாம எப்படி உக்காருவேன் தரு? எனக்கு பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா? உங்கள விட்டாலும் பயம், இத விட்டாலும் பயம். ரெண்டையும் ஒரே படகுல வச்சுக்கிட்டு எத்தன வருஷம் ஓடுறது? மணி அடிச்சா போயிடுங்க. என்ன சத்தம் கேட்டாலும் நிக்காதீங்க."

மறுநாள் மொஃபிஜுல் அவனைத் தூக்கிப் படகில் வைத்தார். ஒரு கூடை அவல் அளவுக்குக்கூடக் கனக்கவில்லை என்றார். படகு பனிக்குள் போன சற்று நேரத்தில் தருபாலாவுக்கு வலி கண்டது. காளி கோயில் மணியும் பிள்ளையின் முதல் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. பெண் பிள்ளை. தோள் வரை முடி, வாய் நிறையப் பல். கிழமை செவ்வாய் என்பதால் மங்களி. இரண்டு வருஷத்து அழுகையையும் சேர்த்துவைத்திருந்தாளோ என்னவோ, ஊரின் கடைசி வீடு வரை கேட்டது. பாதாசி கழுவித் துடைத்துக் கீழே விட்டதும் எழுந்து நடந்தாள். "வளத்துல்ல பெத்திருக்கா!" என்று பாதாசி வாயில் கை வைத்துக்கொண்டாள். தாய் பிழைத்தாள், சாயங்காலம் தாண்டியும் பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தருபாலா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயமில்லாமல் கண்ணை மூடினாள்.

பத்தாம் தேதி விடிந்ததும் மொஃபிஜுல் வேறொருவர் படகில் தனியாக வந்தார். கரையில் இறங்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மணி அடிச்சுது அண்ணி, நான் துடுப்பப் போட்டேன். அப்பதான் புள்ள அழுவுற சத்தம். துடுப்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான். 'நில்லுண்ணே, என் புள்ள'ங்கறான். திரும்பட்டுமான்னேன், வேணாம், பயமா இருக்குன்னான். அப்ப அக்கரைக்குப் போலாம்னேன், போனா புள்ள சத்தம் கேக்காதேங்கறான். எவ்ளோ நேரம்தான் உக்காருவேன்? எனக்கும் உசுரு இருக்குல்ல. குதிச்சு நீந்திட்டேன். என்னத் திட்டாத அண்ணி."

தருபாலா திட்டவில்லை. ஆற்றைத்தான் பார்த்தாள். வெயில் ஏறியதும் மற்ற இடமெல்லாம் பனி விலகிவிட்டது. நடு ஆற்றில் மட்டும் ஒரு முற்றத்தின் அளவுக்குப் பனி அசையாமல் நின்றது. அதற்குள்ளிருந்து புதாரு இருமினான்.

அந்தப் பனி கோடையில் கலையும் என்றோம், கலையவில்லை. வெள்ளத்தில் அடித்துப்போகும் என்றோம், போகவில்லை. இக்கரைத் தேதியும் அக்கரைத் தேதியும் தொடாத இடம் அது. உள்ளே புகுந்த படகுகள் எதையும் முட்டாமல், நனைந்து, மறுபக்கம் வெளியே வந்தன. தருபாலா வாழைமட்டைத் தெப்பத்தில் சோறு வைத்து விட்டால் மட்டும் தெப்பம் காலியாகத் திரும்பும். இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பெரிய பிரச்சினை வந்தது. அவள் சுமங்கலியா, மீனே தொடக்கூடாத விதவையா? நாள்கணக்காக வாதாடி, வெற்றிலை தீர்ந்த பிறகு, இருமல் கேட்கிறவரை மீன் சாப்பிடலாம் என்று தீர்ப்பானது. அதன்பிறகு அவள் காலையில் இருமலைக் கேட்டுவிட்டுத்தான் மீன்காரியைக் கூப்பிடுவாள்.

மங்களி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலமானால் கரையில் நின்று அன்றைய சமாச்சாரம் எல்லாவற்றையும் பனியைப் பார்த்துக் கத்திச் சொல்வாள், புதாரு நடுநடுவே இருமுவான். அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அம்மா, ஒரே ஒரு தடவ வெலகட்டும்மா. மூஞ்சியப் பாத்துட்டு, திரும்ப மூடிக்கட்டும்."

"வெலகக் கூடாதுடி. வெலகுனா வெயில் அவரு மேல படும், வெயிலோட தேதியும் படும்."

"பட்டா என்ன?"

தருபாலா மகளின் தலையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொள்வாள். ஒக்ரான் ஒன்பதில் ஊரே சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகட்டும் என்று கும்பிடும்போது, அவள் ஒருத்தி மட்டும் பனிக்காகக் கும்பிடுகிறாள். பக்கத்தில் நின்று மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெயிலுக்கு வேண்டிக்கொள்கிறாள். இதுவரை பனிதான் நிற்கிறது. படகுக்காரர்கள் அந்த இடம் வந்ததும் துடுப்பை மெதுவாகப் போட்டு, கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார்கள்.