சின்னவளுக்காக நகர்ந்த அருவி

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, மலைப்பாதையின் முடிவில் இருக்கும் அருவி தான் விழும் இடத்தை விட்டு இடப்புறமாக நகர்ந்து வந்து, பல் கட்டுபவளின் தங்கையுடைய கால்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்று கூட்டம் அதிகம் என்பதால் பார்த்தவர்கள் நிறையப் பேர். மறுநாளே ஆட்கள் வந்து தடுப்புக் கம்பியைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி நட்டார்கள்.

அக்கா தங்கை இருவரும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். பெரியவளுக்குப் பல் மருத்துவமனையின் பின்னறையில் வேலை. மற்றவர்களின் வாய் அச்சுகளில் மெழுகை ஊற்றி, சீவி, பொய்ப்பற்களை வரிசையாகப் பதிப்பாள். வாரம் முழுக்க ஊராரின் ஈறுகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறிவிடுவாள். மழைக்காலத்தில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டும், பனிக்காலத்தில் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாத மூட்டத்திலும், இலையுதிர் காலத்தில் சருகில் வழுக்கியும் ஏறினாள். அருவி ஈரக்கறையாக வற்றி, வேறு யாரும் எட்டிப்பார்க்காத கோடையிலும் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்திருக்கிறாள். சின்னவள் அழகு நிலையத்தில் புருவம் திருத்துபவள். நடப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. அன்று வீட்டில் மின்சாரம் இல்லாததால் குதிகால் செருப்போடு கூட வந்தவள், வழியெல்லாம் புலம்பினாள்.

"ஏங்க்கா, இதைப் பாக்கவா இவ்வளவு தூரம்? நம்ம மாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சாலும் இப்படித்தானே இருக்கும்?"

அவள் வாயை மூடுவதற்குள் அருவி வந்து காலை நனைத்தது. பக்கத்திலேயே நின்ற பெரியவள் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அதன்பின் பருவம் தவறாமல் அதுவே நடந்தது. பனிக்காலத்தில், பார்த்தவர்களின் நச்சரிப்பு தாங்காமல் சின்னவள் வந்ததும் மூட்டம் இரண்டாகப் பிளந்து அருவிக்கு வழிவிட்டது. கோடையில் பாறையின் ஈரக்கறை அவள் சத்தம் கேட்டதும் நீராகி இறங்கியது. ஜனங்கள் அழகு நிலையத்துக்கே வந்து அவள் எந்த ஞாயிறு மலைக்குப் போவாள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார்கள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோடையில் அவள் செய்த பற்களை மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் காரணமில்லாமல் பல்லைக் கடித்தார்கள். மருத்துவர் மூன்று பேருக்குப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இலையுதிர் காலத்தில் ஒருநாள், தங்கையின் சட்டையையும் குதிகால் செருப்பையும் போட்டுக்கொண்டு, அவளுடைய வாசனைத் தைலத்தையும் பூசிக்கொண்டு பெரியவள் தனியாகப் போனாள். அருவி நகர்ந்தது. பாதித் தூரம் வந்து நின்றது. தெரிந்தவர் என்று நினைத்துச் சிரிக்கப்போய், ஆள் மாறிவிட்டதும் சிரிப்பை உதட்டிலேயே மடக்கிக்கொள்கிறவர்களைப் போலத் தயங்கி, தன் இடத்துக்கே திரும்பிவிட்டது. பெரியவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும், "பாதை சரிஞ்சு கிடக்கு. இனிமே விட மாட்டாங்களாம்" என்று தங்கையிடம் பொய் சொன்னாள்.

"விட்டது சனியன்" என்றாள் சின்னவள்.

அடுத்த மழைக்காலம் வரை அருவி பொறுத்தது. பிறகு ஒரு ஞாயிறு, பெரியவள் இறங்கி வரும்போது முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பினால், அருவி முழு உயரத்தோடு பாதை நடுவே நின்றுகொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வழி தவறிவிடப் போகிறதே என்று மெதுவாக நடந்தாள். கடைத்தெருவில் அது மின்கம்பிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து வந்தது. கடைக்காரர்கள் வெளியில் தொங்கிய சரக்கை உள்ளே எடுத்துவைத்தார்கள். பெரியவள் வீட்டுக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்று, "உள்ள வா" என்றாள். அவள் முந்தானைகூட நனையாமல் அது கடந்து போய், கட்டிலில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த சின்னவளின் தலைமாட்டில் விழ ஆரம்பித்தது.

"அக்கா! மெத்தை!" என்று அலறினாள் சின்னவள்.

அன்றிலிருந்து அருவி வீட்டின் பின்சுவரில் விழுந்தது. மறு வருடம் சின்னவளுக்கும் மின்தூக்கி பழுதுபார்க்கும் ஒருவனுக்கும் கல்யாணமாயிற்று. தம்பதிகள் வேறு ஊருக்குப் போன பேருந்தின் பின்னாலேயே அருவியும் போனது. மூன்று சோதனைச் சாவடிகளில் நிறுத்தி, சின்னவளோடு வருகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். மலையில் காய்ந்த பாறைக்கு எதிரே "அருவி இல்லை" என்று பலகை வைத்தார்கள். கூட்டம் நின்றுபோனது. பெரியவள் மட்டும் எல்லாப் பருவத்திலும் ஏறினாள். அந்தப் பாறைக்கு அவளைவிடப் பிரியமானவர் என்று இப்போது யாருமில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஒரு கோடையில் அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது. சின்னவள்.

"அக்கா, சமையல்கட்டு ஜன்னலை ஒட்டியே விழுது. மூணு நாளா ஒரு துணி காயல. மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க."

பெரியவள் காய்ந்த பாறையை விரலால் தடவினாள். "அது... என்னைக் கேட்டுச்சா?"

"அருவி எங்கேக்கா பேசும்?" என்ற சின்னவள், அக்காவின் மூச்சு மாறியதைக் கேட்டோ என்னவோ, "ஆனா போன்ல நீ பேசினா சத்தத்தைக் குறைச்சுக்குது" என்றாள்.

அது உண்மையா என்று பெரியவள் கேட்கவில்லை. "ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

போட்டதும், இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததை எல்லாம் வாய்விட்டுத் திட்டித் தீர்த்தாள். நன்றி கெட்டது என்றாள், கண்ணில்லாதது என்றாள், பல்லைக் காட்டினவளின் பின்னால் போனது என்றாள். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. திட்டித் திட்டித் தொண்டை வறண்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சரி, போ. அவ துணியைக் காயவிடு" என்றாள்.

அன்று சாயங்காலம் துணி காய்ந்தது.