அசல் பட்டம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பேர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்காக, விண்ணப்பித்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற இடம் அது. நாலு மேசை, ஒரு கண்ணாடித் தடுப்பு, அடிக்கடி முறைத்துக்கொண்டு நின்றுவிடும் ஒரு ஸ்கேனர். போலிப் பட்டம் அவள் கையில் சிக்கினால் தப்பாது. முத்திரை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தாலே மூக்கு வேர்த்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு, பதில் வராவிட்டால் போன் போட்டு, பதிவாளரே லைனுக்கு வரும்வரை விடமாட்டாள்.

ஊரார் பட்டத்தையெல்லாம் சலித்தவள் தன் பட்டத்தைச் சலிக்காமலா வாங்குவாள்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் நடத்தும் மேல்படிப்பு அது. உள்ளூர்க் கல்லூரியைவிட மலிவு. மலிவு என்றதுமே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்த நாட்டு அரசாங்கப் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. சொன்ன முகவரியில் கட்டடம் இருக்கிறதா என்று பார்த்தாள், அதுவும் இருந்தது. அதற்கப்புறம்தான் சேர்ந்தாள். சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், புருஷனோடு ஒரே வீட்டில் இருக்கத்தான். அவன் வேறொரு நாட்டில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். அந்த வேலைக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விடமாட்டார்கள். லீவில் வருவான், மகள் அவனிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்போது கிளம்பிவிடுவான். பட்டப்படிப்பைக் காட்டி வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவன் இருக்கும் ஊரிலேயே ஒரு கம்பெனி அவளைத் தேர்வு செய்துவிட்டது. விசா வரவேண்டியதுதான் பாக்கி.

அப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"என்னம்மா சல்லடை, இதைக் கொஞ்சம் பாரு. இந்த க்ளையன்ட் புதுசா ஒண்ணு கேக்கறான். பட்டம் அசலான்னு மட்டும் பாத்தா போதாதாம். அவங்க நாட்டுல அது செல்லுமான்னும் சொல்லணுமாம்."

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே சார்."

"அதான் நானும் சொன்னேன். அந்த நாட்டு மதிப்பீட்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்டா சொல்லுவாங்களாம். உனக்கு நேரம் இருந்தா கேளு. இல்லன்னா அசல்னு மட்டும் எழுதி அனுப்பிடு. ரொம்ப மெனக்கெடாத."

ஃபைலைத் திறந்தாள். ஏசி மெக்கானிக் ஒருவர். போக நினைப்பது அவள் புருஷன் இருக்கும் அதே நாடு. சொந்தமாகச் சின்னக் கடை வைத்துக்கொண்டே ஆன்லைனில் படித்து முடித்திருந்தார். பல்கலைக்கழகத்தின் பேரைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிட்டு மறுபடி திறந்து படித்தாள். அவள் படித்த அதே இடம், அதே படிப்பு.

பட்டம் அசலா, போலியா? அவள் தொழிலுக்குத் தெரிந்தது அந்த ஒரு கேள்விதான். தன் பட்டத்திடமும் அதையே கேட்டாள், அசல் என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டாள். பட்டம் கொடுத்த நாட்டை அலசினாளே ஒழிய, போகப்போகிற நாட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போலியைப் பிடித்துப் பிடித்தே பழகிய புத்திக்கு, அசலும் செல்லாமல் போகலாம் என்பது தோன்றவே இல்லை. சல்லடையாம் சல்லடை!

மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தைத் தேடிப் படித்தாள். அவளுடைய படிப்பைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. யாரும் இதுவரை கேட்கவில்லை. ஒருவர் கேட்டு, அவர்கள் பதில் சொல்லிவிட்டால், அதை அங்கேயே போட்டுவிடுவார்கள். அப்புறம் விசா கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வேதவாக்கு. கேட்காமல் விட்டால், அவள் காகிதம் யார் கண்ணையும் உறுத்தாமல் நகர்ந்து போய்விடலாம்.

அன்றைக்கு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினாள். யாருடைய மார்க் பட்டியலையோ தலைகீழாக ஸ்கேன் செய்தாள். சாயங்காலம் மகளை டியூஷனில் இருந்து கூட்டி வரும்போது வீட்டைத் தாண்டி நடந்து போய், மகள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும், அந்த நேரம் பார்த்துப் புருஷன் வீடியோவில் வந்தான். ஏதோ ஒரு காலி வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"இங்க பாரு, இந்த ரூம் பாப்பாவுக்கு. ஜன்னலைத் திறந்தா ஸ்கூல் தெரியுது. வீட்டுக்காரர் ரெண்டு நாள்ல சொல்லச் சொல்றாரு. எடுத்துடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க."

"இன்னும் எதுக்குப் பொறுக்கணும்? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

மகள் போனைப் பிடுங்கி அந்த ஜன்னலை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். இவள் அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். வகுப்பெல்லாம் ஆன்லைனிலேயே முடிந்ததா, பரீட்சைக்காவது பல்கலைக்கழகம் இருக்கும் நாட்டுக்குப் போனாரா என்று மதிப்பீட்டு அலுவலகத்தின் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. தான் போகவில்லை என்பது அவளுக்கே தெரியும். அவராவது போயிருக்கக் கூடாதா, போயிருந்தால் அவருக்கு வரும் பதில் தன்னைத் தொடாதே என்று ஒரு நப்பாசை.

"எங்கக்கா போறது? எல்லாம் கடையில உக்காந்தே எழுதினதுதான்," என்று சிரித்தார். "நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க. கடையை மச்சான்கிட்ட ஒப்படைச்சுட்டுக் கிளம்பலாம்னு இருக்கேன். பசங்களுக்கு ஸ்கூல்ல டிசி கேட்டாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் கடையை எழுதிக் கொடுக்கறேன். எழுதிடலாம்ல?"

எழுதிடலாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது ஒரு மாதிரி, இன்னொருத்தன் குடும்பத்தைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது வேறு மாதிரி.

"இப்ப எழுதிக் குடுக்காதீங்க. டிசியும் வாங்காதீங்க. ஒரு பதில் வரவேண்டியிருக்கு, வந்ததும் நானே கூப்பிடறேன்," என்றாள்.

போனை வைத்த கையோடு கேள்வியை எழுதி அனுப்பினாள். யோசிக்க ஆரம்பித்தால் அனுப்பமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பிய பிறகு நெருப்பின் மேல் உட்கார்ந்தது போல இருந்தது. மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக அன்றைய பொழுது போயிற்று. பதில் வராமலே போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

பதில் அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதுதான், பட்டமும் உண்மையானதுதான். ஆனால் முழுக்க ஆன்லைனில், நேரில் ஒரு வகுப்புக்கும் போகாமல் படித்ததை எங்கள் நாட்டில் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான், மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்ப நான் படிச்சது டூப்ளிகேட்டாக்கா?"

"இல்லைங்க. அசல்தான். அங்க செல்லாது, அவ்வளவுதான்."

"உங்களுக்கென்ன, சீட்ல உக்காந்துட்டு சுலபமா சொல்லிட்டீங்க. ராத்திரி பகலா படிச்சவனுக்குத்தான் அந்த வலி தெரியும்."

"நானும் அதைத்தான் படிச்சேன்," என்றாள். "அதே படிப்பு, அதே நாட்டுக்குப் போகத்தான்."

"கடையாவது மிஞ்சுச்சு," என்று அவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அவருக்குக் கடை மிஞ்சியது. அவளுக்கு என்ன மிஞ்சியது? சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு மாடிப்படிக்கு வந்து புருஷனைக் கூப்பிட்டாள். அவனுக்கும் அது இடைவேளை நேரம். பின்னால் பாரவண்டிகள் ஊளையிடும் சத்தம் கேட்டது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெக்கானிக்கின் பிள்ளைகளைப் பற்றியும் சொன்னாள்.

"நீயேவா எழுதிக் கேட்ட?"

"ஆமா."

"கேக்காம விட்டிருந்தா?"

"விட்டிருந்தா நம்மளும் மாட்டியிருப்போம்ங்க. வேலையை விட்டு, வீட்டைக் காலி பண்ணி, பாப்பாவைக் கூட்டிட்டு அங்க வந்து இறங்கின பிறகு யாராவது தோண்டி எடுத்திருப்பாங்க. ஒரு மாசத்துல திருப்பி அனுப்பியிருப்பாங்க. அந்த அசிங்கம் நமக்குத் தேவையா?"

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவன் கோபப்படவில்லை.

"ஒரு மாசம் ஒண்ணா இருந்திருப்போம்ல," என்றான்.

எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தவள் இதை மட்டும் நினைத்துப் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைத்தபடியே படியில் உட்கார்ந்தாள். அவனும் வைக்கவில்லை.