இரண்டாவது சுருள்

மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பிம்பா தலைநிமிர்ந்து மலையைப் பார்த்தாள். மூங்கில் சரிவில் புகை கிளம்பியிருந்தது. நினைத்த நேரத்துக்குப் பற்றிவிட்டது என்ற திருப்தியோடு மறுபடி குனிந்துகொண்டாள்.

காலையில் அவள்தான் அங்கே போய் வந்திருந்தாள். கொசுவர்த்திச் சுருளின் நடுவில் தீக்குச்சிகளைக் கட்டி, ஓரத்தைப் பற்றவைத்துச் சருகுக்குள் செருகிவிட்டால் போதும். அது புகைந்து புகைந்து குச்சியைத் தொடும்போது, வைத்தவள் வீட்டில் இருப்பாள். வடதாய்லாந்தில், தேசியப் பூங்காவை ஒட்டிய அந்த ஊரில் இதைச் செய்யாத வீடு குறைவு. கோடையில் தேக்கும் மூங்கிலும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். சருகை எரித்தால்தான் முதல் மழைக்குக் காளான் பொத்துக்கொண்டு வரும் என்று நம்பினார்கள். ஊரே புகையில் இருமியது. அந்த நம்பிக்கை மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது.

நாத்தனார் கேசினி மூச்சிரைக்க வந்தாள். பூங்காவில் தீயணைக்க ஆள் கேட்டார்களாம். டவுனுக்குக் கிளம்பிய பிம்பாவின் புருஷன் உதோம் பாதி வழியில் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டானாம்.

"எந்தப் பக்கமா போனாரு உங்கண்ணன்?"

"ஓடை வழியா ஏறித் தீக்குக் கீழ சருகை வாரப் போறாங்களாம். ஏன் அண்ணி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

பிம்பா மிளகாயைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் வைத்தது இரண்டு சுருள். இரண்டாவது அந்த வறண்ட ஓடையில்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்திலிருந்து மலைமேல் ஏறும். சுருள் பற்றினால் நெருப்பும் கூடவே ஏறும். மேலே ஒரு தீ, கீழே ஒரு தீ, நடுவில் புருஷன்.

சொன்னால் ஜெயில்தான். தானே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தாள். ஓடை வெகு தூரம். செருப்புக்கூடப் போடாமல் ஊர் எல்லையில் இருந்த பூங்காவின் சோதனைச் சாவடிக்கு ஓடினாள்.

அங்கே வனக்காவலர் பிரசோங் வாக்கிடாக்கியோடு நின்றிருந்தார்.

"ஓடையில இன்னொண்ணு இருக்கு சார். சாய்ஞ்ச புளியமரத்துக்குக் கீழ. நான்தான் வெச்சேன். எங்க வீட்டுக்காரர் அதுக்கு மேலதான் இருக்காரு."

அவர் அவளைத் திட்டக்கூட இல்லை. மேலே இருந்தவர்களை உடனே ஓடையை விட்டுப் பாறைப் பக்கம் ஏறச் சொன்னார். சொல்லி முடித்த சற்று நேரத்தில் ஓடையும் பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு வாக்கிடாக்கி வெறுமனே இரைந்தது. பிம்பா புழுதியில் உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் இறங்கி வந்தார்கள். உதோமுக்கு இடது கை முழங்கைவரை வெந்திருந்தது. விஷயம் தெரிந்த அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு வந்தானே, அது போதும் என்று அழுதாள்.

ஊரே கூடி நிற்க, அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். கேசினி அவள் காதருகே வந்தாள்.

"எல்லாரும் வெக்கிறதுதானே. நீங்க மட்டும் எதுக்கு அண்ணி வாயத் தொறந்து மாட்டிக்கிட்டீங்க?"

பிம்பா எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னாள்.

"மழை பெஞ்சா காளான் தானா வரும் கேசினி. அதுக்கு நம்ம தீ வேணாம். காட்டுல வெக்கிற தீ யார் வீட்டு ஆளுன்னு கேட்டுட்டு எரியாது. இனிமே யாரும் வெக்காதீங்க."