ஈரக் குடை, இரண்டாவது தடவை

"அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். விடாதீங்க, விடாதீங்க... ம், இப்ப விடலாம்" என்று அவள் சொல்லி முடிக்கவும், மேஜைமேல் கிடந்த போன் உறுமவும் சரியாக இருந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மூட்டு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. "போய்ப் பாரும்மா, ஏதாவது அவசரமா இருக்கும்" என்றார். அவளுக்கு அவசரமோ இல்லையோ, அவர் முழங்காலுக்கு அவசரமாக ஓய்வு தேவைப்பட்டது.

ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிற பிளக் அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். "ஈரக் குடை கிடைச்சிருச்சு. பழைய டிஸ்க்ல ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா அப்படியே இருக்கு. டிரம்ஸ் மைக்ல நீங்க பேசினதெல்லாம்கூடப் பதிவாகியிருக்கு. நான் இன்னும் முழுசாக் கேக்கல. சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, சேர்ந்து கேப்போம். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தபால்காரரிடம் திரும்பி, "போதும், இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அவர் நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

பகலில் அவள் பிறர் கைகால்களை அசைய வைக்கிற பிசியோதெரபிஸ்ட். அதற்கு வெளியே, இருபத்திரண்டு வருஷமாக, நாலு பேர் கொண்ட ஒரு ராக் பேண்டில் டிரம்ஸ் அடிப்பவள். அண்ணன் பாடுவான், பாட்டெழுதுவான். கண்ணாடி என்று பெயர் விழுந்தவன் கிட்டார். பேஸ் வாசிப்பவனைத் தடியன் என்பார்கள். அப்போது ஒல்லி, பெயர் வைத்தது கிண்டலுக்கு, பிற்பாடு அவன்தான் பெயருக்குத் தகுந்தபடி வளர்ந்தான். எந்தப் பெரிய கம்பெனியும் அவர்களைச் சீண்டியதில்லை. கல்லூரி அரங்கங்கள், காப்பிக்கடை மூலைகள், மழையில் நனைந்த ஒரு மைதானம் என்று வாசித்து, ஐந்து ஆல்பம் தாங்களாகவே போட்டார்கள். ஆறு வருஷமாக மேடை இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. கண்ணாடி வேறு ஊரில் கணக்கு வாத்தியார், தடியன் கப்பலில் சமையல், அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாலு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிற நாள் காலண்டரில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னக் கம்பெனி கேட்டது, ஐந்து ஆல்பத்திலிருந்தும் பொறுக்கியெடுத்துப் பதினெட்டுப் பாட்டு, ஒரே ஆல்பம். எந்தப் பதினெட்டு என்று குரூப்பில் இரண்டு மாதம் அடிதடி. தடியன் எதற்கும் கட்டைவிரல் படம் அனுப்பினான், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பட்டியலுக்கும் சேர்த்து. ஆனால் 'ஈரக் குடை'யைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது இல்லாமல் ஆல்பமே இல்லை. கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதன் கடைசி அடியைச் சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டின் முடித்த மூலப் பிரதிதான், பிளக் அண்ணனின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தண்ணி ஒழுகி வீணாய்ப் போயிருந்தது. தனித்தனி மைக் பதிவுகளை மறுபடி முதலிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பழைய டிஸ்க்.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பத்தொன்பது வருஷம் முன்னால். அண்ணன் முதல் தடவை பாடி முடித்திருந்தான். பாடினான் என்று சொல்வது மரியாதைக்கு. அந்த வருஷம் அவனை ஒருத்தி விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த ஆத்திரத்தையெல்லாம் மைக்மேல் கொட்டினான். பிளக் அண்ணன் டீ குடிக்கக் கீழே இறங்கினார், தடியன் பின்னாலேயே போனான். டிரம்ஸ் அறையில் அவளும் கண்ணாடியும் மட்டும். எதிரே பாடகன் அறையின் கண்ணாடிச் சுவர். அங்கே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பேசினாள். அண்ணன் கத்துகிறான், பாட்டைக் கொல்கிறான், இந்த ஆல்பம் முடியட்டும், வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஆள்கூட அவள் மனசில் இருந்தான், அவன் பெயரையும் சொன்னாள். கண்ணாடி முதலில் தயங்கி, பிறகு "சரி" என்றான். அண்ணனிடம் யார் சொல்வது என்பதுவரை பேசினார்கள்.

அதற்கப்புறம் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அண்ணன் இரண்டாவது தடவை பாடினான். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாழ்ந்து, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி. வேறு ஆள் பேச்சு அதோடு செத்தது. அவளும் கண்ணாடியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிளக் அண்ணனின் செய்தி வந்த அன்று சாயங்காலம் கண்ணாடிக்குப் போன் செய்தாள்.

"டிரம்ஸ் மைக் அன்னைக்கு திறந்தே இருந்திருக்கு."

மறுமுனையில் பத்தாம் வகுப்பு இரைந்தது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"எனக்கு சனிக்கிழமை வயித்து வலி" என்றான் கண்ணாடி.

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைடா."

"சனிக்கிழமை வரும். எனக்குத் தெரியும் என் வயிறு."

பிளக் அண்ணனையும் கூப்பிட்டாள். பேச்சையெல்லாம் வெட்டிவிடுங்களேன், பாட்டு மட்டும் போதுமே என்று சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஐயோ, உங்க அண்ணன் இப்பதான் பேசினாரு. 'நான் வந்து கேக்குற வரைக்கும் ஒரு தும்மல்கூட அழிக்கக் கூடாது'ன்னாரு" என்றார் அவர். "ஆல்பத்துல பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேச்சு வச்சா நல்லா இருக்கும்னு கம்பெனிக்காரங்களும் சொல்றாங்க."

நாலு நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. அவள் பயந்தது பாட்டுக்காக அல்ல. ஆறு வருஷம் நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த அண்ணன், இந்த ஆல்பம் பேச்சு வந்ததிலிருந்து தினமும் வேலை முடிந்து கூப்பிடுகிறான். "ஏய் இடி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்து, எட்டாம் மாடியில் மாட்டிக்கொண்ட வக்கீலின் கதையில் போய் முடியும். அப்பா அம்மா போன பிறகு அவளை இடி என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. அந்தப் போன் நின்றுவிடும். அதைத்தான் அவள் நாலு நாளும் நினைத்து நினைத்துப் பார்த்தாள்: சாயங்காலம் ஆறரை மணி, போன் சும்மா கிடப்பது.

தானே முந்திச் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை ஆறரைக்குத் தீர்மானித்தாள். அவன் கூப்பிட்டதும், "அண்ணா, நாளைக்குக் கேக்கும்போது..." என்று தொடங்கினாள்.

"என்ன?"

"...ஏசி அதிகமா இருக்கும். போர்வை எடுத்துட்டு வா."

"எனக்கென்ன பிரசவமா?" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை அவள் போனபோது அவன் முந்தி வந்து, சீருடைச் சட்டையோடு பிளக் அண்ணனின் சோபாவில் கால் நீட்டியிருந்தான். திரையில் வரிவரியாக ஒலிக்கோடுகள். பிளக் அண்ணன் இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். பெயர் சும்மா வரவில்லை. அப்புறம் முதல் தடவைப் பாட்டு ஓடியது. "கழுத்தை நெரிச்ச மாதிரி இருக்கேன்ல?" என்றான் அண்ணன் ரசித்து. பாட்டு முடிந்து, கதவு திறந்து மூட, இருபத்தைந்து வயசில் அவளுக்கிருந்த குரல் அறை முழுக்க வந்தது. அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னக் குரல். துடுக்கான குரல்.

*அண்ணன் நிறுத்தினாத்தான் இந்தப் பாட்டு பொழைக்கும். என் அண்ணன்தான், இல்லேங்கல. அதுக்காக எல்லாரும் சேர்ந்து மூழ்கணுமா?*

பிளக் அண்ணனின் கை பொத்தானுக்குப் போயிற்று. "விடுங்க, ஓடட்டும்" என்றான் அண்ணன். ஓடிற்று. அந்த வேறு ஆளின் பெயரும் வந்தது. கண்ணாடியின் "சரி"யும் வந்தது. அவள் தரையில் கிடந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா..."

"அந்த ஆளையா பாத்து வச்சிருந்தீங்க?" என்றான் அவன். "அவன் மூக்கால பாடுவான். அன்னைக்கே அதான் எனக்குக் கோவம். மாத்துறதுதான் மாத்துறீங்க, ஒரு தரம் வேணாம்?"

"அன்னைக்கேன்னா?"

"அன்னைக்கேன்னா அன்னைக்கே. ஏய், டிரம்ஸ் மைக் யாரு ஹெட்போனுக்கு வரும்?"

பாடுகிறவன் ஹெட்போனுக்கு. தாளம் பிடிக்க அவனுக்கு அது வேண்டும். ஆயிரம் தடவை அவள் முன்னாலேயே மாட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அது சோறு தின்கிற மாதிரி தெரிந்த விஷயம்.

"நீ உள்ள இல்லையே! நான் பாத்தேனே!"

"தரையில உட்கார்ந்திருந்தேன். சுவத்துல சாஞ்சு. ஹெட்போன கழட்ட சோம்பேறித்தனம்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோள்பட்டையில் நாலு நாளாக, இல்லை, பத்தொன்பது வருஷமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தானாக இறங்கியது. பிறத்தியார் தோளை எத்தனை அழுத்தி இறக்கியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. "ஏன் சொல்லல? இத்தன வருஷம்?"

"சொன்னா நீ மன்னிப்புக் கேப்ப. மன்னிப்புக் கேட்டுட்டு பயந்து பயந்து அடிப்ப. எனக்கு டிரம்ஸ் வேணுமா, மன்னிப்பு வேணுமா?" என்றான். பிறகு, சோபாவின் கையைத் தடவிக்கொண்டு, "நீ சொன்னதும் சரிதானே. கத்தினேன்ல" என்றான். "நீ எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். கண்ணாடிகிட்ட சொன்னதாலதான் காதுல விழுந்துச்சு."

"அப்போ அந்தக் கடைசி அடி..."

*குடையை நீயே வச்சுக்கோ, நான் நனைஞ்சுக்கிட்டே வர்றேன்.* முதல் தடவையில் அந்த அடி இல்லை. சற்றுமுன் கேட்டபோதுகூட அவளுக்கு அது உறைக்கவில்லை. விட்டுவிட்டுப் போன அந்த ஒருத்திக்கு எழுதியது என்றுதான் ஊரும் அவளும் நம்பியிருந்தார்கள். எத்தனை மேடையில் அந்த இடத்தில் அடியை மெதுவாக்கி, பாவம் அண்ணன் என்று நினைத்திருக்கிறாள்.

"அவளுக்கு எதுக்கு நான் குடை குடுக்கணும்?" என்றான் அவன்.

போன் அடித்தது. கண்ணாடி.

"அண்ணனுக்கு அன்னைக்கே தெரியுமாம்டா" என்றாள்.

"அப்ப நான் சாப்பிடலாமா?"

"சாப்பிடு. வயித்து வலி?"

"அது போயே போச்சு."

அண்ணன் போனை வாங்கி, "வாத்தியாரே, 'சரி'ன்னு சொல்ல நீ எடுத்துக்கிட்டது மொத்தம் ஆறு செகண்டு. எண்ணிட்டேன்" என்றான். மறுமுனை கெஞ்சியது, இவன் விழுந்து விழுந்து சிரித்தான். வைத்த பிறகு அவளைப் பார்த்தான். "ஆல்பத்துல இந்தப் பேச்ச வைக்கலாமா வேணாமா, நீ சொல்லு. உன் குரல்தானே."

"அந்த ஆளு பேர வெட்டிட்டா..." என்று இழுத்தாள். "தெரியல. இன்னொரு தடவ கேக்கணும்."

பிளக் அண்ணன் பதிவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே, "அதே நேரத்துல பாடுற மைக்கும் திறந்துதான் இருந்திருக்கு. அதுல ஒண்ணுமில்லன்னு நெனச்சேன், கோடு லேசா அசையுது பாருங்க" என்றார். மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அதை மட்டும் உயர்த்தினார். முதலில் இரைச்சல். பிறகு, எலி சுரண்டுகிற மாதிரி ஒன்று. மூவரும் ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார்கள். காகிதத்தின் மேல் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் எழுதியது, நின்றது, அழித்தது. யாரோ காகிதத்தை ஊதினார்கள். மறுபடி எழுதத் தொடங்கியது, இந்தத் தடவை நிற்காமல்.