சட்டை போட்ட வான்கோழி

அட்டை கடித்து முழங்காலில் ரத்தம் வழிந்தாலும், உப்பைத் தேய்த்து உதறிவிட்டு அதே கையால் தூக்குச்சட்டியைத் திறந்து சோறு தின்கிறவள் மாரீஸ்வரி. மூணாற்றுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்காரர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினோரு வருஷம் கொழுந்து எடுத்தவளுக்கும் அருவருப்பு என்று ஒன்று உண்டு என்பதே, லிபின் ஜீப்பிலிருந்து அந்த வான்கோழியை இறக்கிய அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் அவள் வாய்தான் காரணம்.

லிபின் கோதமங்கலத்துப் பையன். எஸ்டேட் ரோடு வளைகிற இடத்தில் பழைய வீடொன்றைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறான். மாரீஸ்வரி எட்டு மாதமாக அங்கே சமையல். தோசை, ஆப்பம், நாட்டுக்கோழிக் குழம்பு என்று அவள் பாட்டுக்கு ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் கோட்டயத்திலிருந்து ஜோமோள் வந்து சேர்ந்தாள். கேட்டரிங் படித்த பெண். வெங்காயம் நறுக்கவே கையுறை மாட்டுவாள். அடுக்களையில் இரண்டு பேர் எதற்கு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒருத்திதான் என்று லிபின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். தோற்றால் மாரீஸ்வரிக்கு மறுபடியும் மலை, மறுபடியும் அட்டை.

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து ஒரு குடும்பம் போன் செய்தது. கிறிஸ்துமஸ் மதியத்துக்கு முழு வான்கோழி ரோஸ்ட் வேண்டுமாம்.

"ஆருக்குத் தெரியும்?" என்று லிபின் கேட்டான்.

"படிச்சிருக்கேன், செஞ்சதில்ல" என்றாள் ஜோமோள். பாவம், உண்மையைச் சொன்னாள்.

"நான் செஞ்சிருக்கேன். பெரிய ஓட்டல்ல இருந்தப்ப ரெண்டு தடவ" என்றாள் மாரீஸ்வரி.

பெரிய ஓட்டலில் அவள் இருந்தது மெய்தான். பதினைந்து நாள், அண்டா தேய்க்கிற வேலை. வான்கோழியை அவள் பார்த்திருந்தது காலண்டரில்.

"அப்போ சேச்சி செய்தாப் போதும். நல்லா வந்தா அடுக்களை சேச்சிக்கு" என்றான் லிபின். ஜோமோள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பறவை மூன்று நாள் முன்னதாகவே உயிரோடு வந்தது. விருந்தாளிப் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று மாரீஸ்வரி வீட்டுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டிக் கட்டினார்கள். அதன் தலையில் மயிரில்லை. முகம் சிவப்பும் நீலமுமாகக் கட்டி கட்டியாய்த் தொங்கியது. மூக்கின் மேலிருந்து சதைக் கயிறொன்று அலகைத் தாண்டி வழிந்து, கம்பு தின்னும்போதெல்லாம் அதையும் சேர்த்து விழுங்கிவிடும்போல ஆடியது. குளிக்கப் போனால் ஓட்டை வழியாக அந்த முகம் எட்டிப் பார்க்கும். மாரீஸ்வரி மூன்று நாளும் அரைக் குளியல்தான்.

பக்கத்து வீட்டு அழகுத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். சுவருக்கு மேலே நீட்டுவதற்கென்றே படைக்கப்பட்ட தலை அது.

"ஏட்டி மாரி, இது என்னட்டி, மூஞ்சில வெந்நிய ஊத்தின மாதிரி?"

"கோழிதான் மதினி. பெரிய எடத்துக் கோழி."

"இதையாட்டி திங்கப் போறாக?" அழகுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கவும் வான்கோழி கழுத்தை நீட்டிக் களகளவென்று பதில் கொடுத்தது. அவள் மறுபடி சிரித்தாள், அதுவும் விடவில்லை.

"ஒங்க சொந்தக்காரவுக போல" என்றாள் மாரீஸ்வரி. அந்த மூன்று நாளில் அவள் செய்த ஒரே பரிகாசம் அதுதான்.

போனில் செய்முறை பார்த்தாள். வெள்ளைக்காரன் ஒருவன் வெண்ணெயை அள்ளி, கோழியின் பின்பக்கம் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினான், பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற மாட்டு டாக்டர் மாதிரி. முகத்தில் சிரிப்பு வேறு. மாரீஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று மதியம் சோறு தின்னவில்லை.

இருபத்துநாலாம் தேதி காலை அவள் புருஷன் பாண்டித்துரை அதைச் சாக்கில் கட்டி, ஜீப்பில் ஏற்றி, பஜாருக்குக் கோழிக் கடைக்குக் கொண்டுபோனான். எப்படி வாங்கி வர வேண்டும் என்று இவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் கோழி வாங்குகிறவனுக்கு அதை வேறு யாராவது சொல்லித் தருவார்களா?

பதினோரு மணிக்குப் போர் ஜெயித்த முகத்தோடு வந்து பையை வைத்தான்.

"கடைக்காரன் முடியாதுன்னுட்டான். விடுவனா? நின்னு தோல உரிச்சு வெட்டித்தான் வாங்கியாந்திருக்கேன். சின்னச் சின்னதா போடச் சொன்னேன், கத்தி மழுங்கிப்போச்சுன்னு ஆறோட நிறுத்திட்டான்."

மாரீஸ்வரி பையைத் திறந்தாள். இரண்டு கால், இரண்டு இறக்கை, நடுவில் பிளந்த உடம்பு இரண்டு. எல்லாம் தோலில்லாமல், வெளிர் ரோஸ் நிறத்தில், ஈரமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"முழுசா வேணுங்க! முழுசா மேசைல வைக்கணும்!"

"முழுசாவா? முழுசா எவன் திம்பான்?"

"தோலு எங்க?"

"தோல யாரு வாங்குவா? கடை பக்கெட்டுல கெடக்கும்."

"எம் பொழப்பும் அந்தப் பக்கெட்டுலதான் கெடக்கு. ஓடுங்க!"

ஓடினான். ஒரு மணி நேரம் கழித்து நீலக் கேரிபேக்கைக் கையை நீட்டித் தூரமாகவே பிடித்துக்கொண்டு வந்தான். "நாப்பது கோழித் தோலுக்கு அடியில கெடந்துச்சு. பெருசா இருந்ததால ஆளு தெரிஞ்சுபோச்சு" என்றான். கடையில் இறகோடுதான் உரிப்பார்கள். ஆகவே பையிலிருந்து வந்தது தோல் மட்டுமல்ல, நனைந்த கருப்பு இறகும், யார் யாருடைய கொழுப்போ, எந்தெந்தக் கோழியின் ரத்தமோ எல்லாம் சேர்ந்து உப்பிய ஒரு பழைய கம்பளி.

வெந்நீரில் முக்கினாள். அந்த ஆவி மேலே வந்ததும் சமையல் வேலையையே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நனைந்த நாயும் அழுகிய முட்டையும் கட்டிப்பிடித்துப் படுத்திருந்த மாதிரி ஒரு வாடை. தொளதொளவென்று இருந்த தோலிலிருந்து இறகுகளைப் பிடுங்க, ஒவ்வொன்றும் சின்னச் சத்தத்தோடு வெளியே வந்தது. வேரில் சீழ்போலக் கொஞ்சம் வெள்ளை. பிடுங்கினாள், குமட்டினாள், மறுபடி பிடுங்கினாள். மஞ்சள் தேய்த்து நெருப்பில் வாட்டினாள். கல் உப்பு போட்டு, எலுமிச்சை பிழிந்து ஏழு தண்ணீரில் கழுவினாள். கை மட்டும் எத்தனை தடவை கழுவியும் அவளுடைய கையாகத் திரும்பி வரவில்லை.

பிறகு சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்தாள். மைதா மூட்டையில் பிரித்த வெள்ளை நூலைக் கோத்தாள். தொடையும் உடம்பும் சேருகிற இடத்தில் ஊசியை ஏற்ற, உள்ளே எதுவோ சளக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தையல். உடம்பின் இரண்டு பாதியையும் மார்போடு மார்பாக வைத்துத் தைத்தபோது, வழுக்கி வழுக்கி அவள் மடியில் வந்து படுத்துக்கொண்டது.

சரியாக அந்த நேரத்தில்தான் அழகுத்தாய்க்கு வீட்டில் உப்பு தீர்ந்துபோனது.

"என்னட்டி, ரவிக்க தைக்கியா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். "கல்யாணப் பொண்ணு ரொம்ப மெலிஞ்சிருக்கே."

"மதினி, ஒங்க காலுல விழுறேன், வெளிய சொல்லிராதீக. எம் வேல போயிரும்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ஒந் தலையில அடிச்சுச் சொல்லுறேன், யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்." சொல்லிவிட்டு உப்பு வாங்காமலே போனாள். பொழுது சாய்வதற்குள் லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அழகுத்தாய்க்குக் கோபம் வரும்.

கடைசியில் தோல். குளிக்க அழுகிற பிள்ளைக்கு ஈரச் சட்டை மாட்டுகிற மாதிரி, ஒரு இறக்கையை நுழைத்து, இழுத்து, மறு இறக்கையை நுழைத்து, முதுகில் தைத்து மூடினாள். பாண்டித்துரை பார்த்துவிட்டு, "பரவால்ல, உயிரோட இருந்தப்பவவிட லட்சணமாத்தான் இருக்கு" என்றான். அவள் ஊசியைக் காட்டியதும் வெளியே போய்விட்டான்.

கிறிஸ்துமஸ் காலை ஹோம்ஸ்டே அடுக்களையில் ஒரு நல்லது நடந்தது. முழுப் பறவையாக இருந்தால் லிபினின் ஓவனுக்குள் அது நுழைந்தே இருக்காது. வெட்டித் தைத்ததால் காலை மடக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தது. மிளகாயும் தேங்காயெண்ணெயும் குடித்து, மூன்றரை மணி நேரத்தில் தேக்குக் கதவு மாதிரி பளபளவென்று வெளியே வந்தது. மாரீஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு குறட்டால் நூல்களை ஒவ்வொன்றாக உருவினாள். வலது தொடையில் ஒரு தையல் மட்டும் உள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. விரலை விட்டுத் துழாவினாள். வெள்ளைக்காரன் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

மேசையில் வைத்ததும் ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். குடும்பத் தலைவரான துபாய்க்காரர், தொப்பைக்கு மேலே துண்டு கட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். மாரீஸ்வரி கதவுத் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தி தொட்டதுதான் தாமதம், கால் தானாகக் கழன்று தட்டில் விழுந்தது. மறு கால். இறக்கைகள். உடம்பு நடுவில் பூ மாதிரி விரிந்தது.

"எந்தொரு சாஃப்ட்!" என்று கத்தினார் அவர். "துபாய்ல ஃபைவ் ஸ்டார்லகூட இப்படி வெந்து கழண்டு வந்ததில்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். லிபின் ஒரு முழம் வளர்ந்த மாதிரி நின்றான்.

"சமைச்ச சேச்சியைக் கூப்பிடு. முதல் துண்டு சமைச்ச கைக்கு."

வந்தாள். அவர் வலது தொடையிலிருந்து பெரிய துண்டாகக் கிள்ளி நீட்டினார். அதன் ஓரத்தில், மஞ்சளும் கொழுப்பும் ஊறி, ஒரு விரல் நீளத்துக்கு மைதா மூட்டை நூல் வால்போலத் தொங்கியது. இன்னும் ஒரு கணம் போனால் அவர் கண்ணில் படும்.

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள்.

அந்த ருசியைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மெல்ல மெல்ல ஏழு தண்ணீருக்கும் அடியிலிருந்து நீலக் கேரிபேக் வாடை எழுந்து மூக்குக்கு வந்தது. சதைக் கயிறு ஆடியது. நாப்பது கோழியும் வரிசையில் வந்து நின்றன. இறைச்சி போய்விட்டது, நூல் போகவில்லை. பாதி தொண்டைக்குள்ளும் பாதி நாக்கிலுமாக நின்று கூச்சம் காட்டியது. தண்ணீர் கேட்டால் வாயைத் திறக்க வேண்டும். கண்ணை மூடி, குலசாமியை நினைத்து, ஒரே முழுங்கு.

"எப்படி இருக்கு, சேச்சி?"

"அமிர்தம், சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாருங்க, சந்தோஷத்துல அழுறா" என்று துபாய்க்காரர் மனைவி உருகினாள்.

சாயங்காலம் லிபின் அடுக்களைச் சாவியைக் கொடுத்தான். "இனி சேச்சி மட்டும். ஜோமோளை ரிசப்ஷன்ல போடுறேன். நியூ இயருக்கு இவங்க சொந்தக்காரங்க வர்றாங்க, ரெண்டு டர்க்கி சொல்லியாச்சு. இதே மாதிரி எலும்பு விட்டுக் கழண்டு வரணும், கேட்டோ."

மாரீஸ்வரி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணீரில் ஆறு தடவை வாய் கொப்பளித்தாள். பாண்டித்துரை தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

"இந்தத் தடவ சத்தியமா முழுசாவே வாங்கியாறேன்."

"ஒண்ணும் வேண்டாம். அதே கடையில, அதே மாதிரி ஆறாவே வெட்டி வாங்குங்க. தோல மட்டும் பக்கெட்டுல போட விடாதீக."

சுவருக்கு அந்தப் பக்கம் அழகுத்தாய் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பின்னாலிருந்து களகளவென்று பதில் வரப்போகிறது என்று மாரீஸ்வரியின் காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினாள்.