பாதி மலையில் நின்ற வண்டி

வண்டியை வாங்கப்போகும் பரந்தாமன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஸ்ரீதர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அவன் கண் சாலையில் இல்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் சின்ன முள்ளின் மேலேயே இருந்தது.

ஸ்ரீதருக்கு ஆர்.கே.பேட்டையில் ஆறு பவர்லூம் ஓடுகிறது. எட்டு மாதத்துக்கு முன்னால், பதினோரு வருடம் ஓடிய இந்த ஏழு சீட்டு டீசல் வண்டியைச் சென்னையில் ஒரு புரோக்கரிடம் வாங்கினான். துணிக்கட்டும் ஏற்றலாம், குடும்பத்தோடு திருப்பதிக்கும் போகலாம் என்று நினைத்தான். முதல் மாதமே கிளட்ச் போனது, இருபத்திரண்டாயிரம். மழைக்காலத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றியதில் பதினேழாயிரம். போன மாதம் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எங்கேயும் ஒழுகவில்லை, ஆனாலும் குறைந்துகொண்டே போனது. பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ராஜீவ் ஆயில் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே காபி நிறத்தில் பிசுக்கு.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுண்ணா. தண்ணி எஞ்சினுக்குள்ள எறங்குது. ஹெட்டைக் கழட்டி, லேத்துல கொடுத்து சமம் பண்ணி மாட்டணும். அம்பதாயிரத்துக்குக் கொறையாது. ஹெட்டு விரிசல் விட்டிருந்தா லட்சத்தைத் தாண்டிடும்."

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

"தண்ணி ஊத்தி ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டலாம். ஏத்தத்துல மட்டும் போயிடாதீங்க."

விற்றுவிடலாம் என்றாள் மனைவி மோகனப்ரியா. விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் கனகம்மாசத்திரத்திலிருந்து பரந்தாமன் வந்தார். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவர். டயரைப் பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார், இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார்.

"திருத்தணி மலைக்குப் போயி வண்டிக்கு மாலை போட்டு பூஜை பண்ணிட்டு, அங்கயே மீதிய கொடுத்துடறேன் தம்பி. வீட்ல அப்படித்தான் சொல்றாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஸ்ரீதருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இன்று காலை கிளம்பும்முன் ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினான். மோகனப்ரியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்தணி ஊரைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியது. பின்சீட்டில் பரந்தாமனின் மனைவி பாஞ்சாலி, மடியில் பூஜைக் கூடையோடு இருந்தாள். அவள் பக்கத்தில் மகள் யுவஸ்ரீ, ஏழு மாதக் கர்ப்பிணி.

முள் பாதியைத் தாண்டியது. ஸ்ரீதர் சட்டென்று ஏசியை அணைத்தான்.

"மலைக்காத்து நல்லா இருக்கும்ங்க. கண்ணாடிய எறக்கிக்கலாம்."

எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்பதுதான் காரணம்.

"வேர்க்குது நைனா. ஏசி போடச் சொல்லு" என்றாள் யுவஸ்ரீ.

"இதோ வந்துட்டோம்மா" என்றார் பரந்தாமன்.

முன்னால் ஒரு வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியரிலேயே போகவேண்டியிருந்தது. முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அரை மணி நேரம் பூஜை நடக்கும், எஞ்சின் ஆறிவிடும், பணம் கைக்கு வந்துவிடும் என்று ஸ்ரீதர் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

பாஞ்சாலி பேச்சை நிறுத்தவில்லை. "போன வருஷம் பெரியவளுக்கு வலி எடுத்தப்ப ஒரு வண்டி கெடைக்கல. அவளப் புடிச்சிகினு ரோட்லயே நின்னுகினு இருந்தோம். இவளுக்கு அந்தக் கஷ்டம் வாணாம்னுதான் இவரு வண்டியே வாங்கறாரு."

ஸ்ரீதர் திரும்பிப் பார்த்தான். யுவஸ்ரீ முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ஓரமா நிறுத்துங்க" என்றான்.

"ஏன் தம்பி?"

"நிறுத்துங்க. எஞ்சின் சரியில்லீங்க."

பரந்தாமன் வளைவைத் தாண்டி வண்டியை ஒதுக்கினார். பானெட் ஓரத்தில் ஆவி கசிந்தது. ஸ்ரீதர் கீழே இறங்கி நின்று, புரோக்கரிடம் ஏமாந்தது, கேஸ்கெட், காலையில் ஊற்றிய தண்ணீர், ஏசியை அணைத்த காரணம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான்.

"அட்வான்ஸ் வாங்கும்போதே தெரியுமா?" என்று கேட்டார் பரந்தாமன்.

"ஆங், தெரியும்."

பாஞ்சாலி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "வயித்துப் புள்ளக்காரிய ஒக்கார வெச்சிகினு, வாய மூடிகினு வந்தியே! நீயும் பொண்டாட்டி வெச்சிகினு இருக்கறவன்தானே?"

பரந்தாமன் திட்டவே இல்லை. மேலே போகும் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, மகளை முதலில் ஏற்றினார். "அட்வான்ஸ நாளைக்கே அனுப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜீவ் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப்போனான். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மூன்று நாள் ஆயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் விரிசல் என்றுதான் சொல்லப்போகிறான் என்று ஸ்ரீதர் பயந்தான். தறியில் நூல் அறுந்ததுகூட அவன் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் விரிசல் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஐம்பத்து நான்காயிரம் ஆனது. புதுத் தறிக்கென்று வைத்திருந்த பணம் அதில் போயிற்று. "போவட்டும். அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றாள் மோகனப்ரியா.

மூன்று வாரம் கழித்து ஒரு போன். "பரந்தாமன் பேசறேன்."

இன்னும் என்ன வேண்டும் என்று ஸ்ரீதர் யோசித்தான். பணத்தை அப்போதே அனுப்பிவிட்டானே.

"பொதட்டூர்பேட்டையில ஒரு வண்டி சொல்றாங்க. எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கெழம வந்து பாத்துச் சொல்றியா?"

"என்னையா கூப்பிடறீங்க?"

"வாங்கி ஏமாந்தவனும் நீதான், மறைக்கப் பாத்தவனும் நீதான். உன்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த மெக்கானிக்கையும் கூட்டிகினு வா. எங்க வீட்ல இன்னும் கோவமாத்தான் கீறா. வீட்டுப் பக்கம் வராத, நேரா அங்க வந்துடு."

"வரேங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு ராஜீவ் உதட்டைப் பிதுக்கினான். மூன்று பேரும் நின்றபடியே டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பினார்கள். யுவஸ்ரீயின் பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.